எந்தப் பிள்ளை போகும்?

மெயில் வந்தபோது நான் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தேன். கன்னம் வீங்கிய ஒரு பெரியவருக்கு அடுத்த வாரம் வரச் சொல்லி நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று ஊர் நிர்வாகம், அதாவது கவுன்சில், ஏப்ரல் பாதியில் நாடு முழுக்க ஒரே காலையில் அனுப்பும் மெயில் அது. நாலு வயசுப் பிள்ளை வைத்திருக்கும் எவரும் அன்று வேலை பார்ப்பதாக நடிக்கத்தான் செய்வார்கள். மேசைக்குக் கீழே வைத்துத் திறந்து பார்த்தேன். மேசிக்கு பெக்கட் லேன் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. "அப்பாடா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். தன் வீக்கத்தைப் பார்த்துத்தான் நான் சந்தோஷப்படுகிறேன் என்று நினைத்துப் பெரியவர் என்னை முறைத்தார்.

அவர் போனதும் கார்லுக்கு போன் செய்தேன். ரொட்டி வேனை எங்கோ ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினான்.

"ஜூடுக்குக் கிடைக்கல, லியா."

"என்ன உளர்ற? ஒரே வீடு, ஒரே வாசல், ஒரே தூரம். நல்லாப் பாரு."

"நாலு தடவை பாத்துட்டேன். அவனுக்கு ஹாலின் பள்ளிக்கூடம்னு போட்டிருக்கு."

ஹாலின் எங்கள் ஊரின் அந்தக் கோடி. மலை ஏறி, மலை இறங்கி, பஸ்காரன் மனசு வைத்தால் போய்ச் சேரலாம். ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன்:

"ஒண்ணாவது கிடைச்சுதே, கார்ல்."

வேனின் சிக்னல் விளக்கு டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றான். "உன் பொண்ணுக்குக் கிடைச்சுது."

மேசி என் மகள். ஜூட் கார்லின் மகன். இருவருக்கும் நாலு மாதம்தான் வித்தியாசம். நாங்கள் இரண்டு பேரும் வீட்டை ஒன்றாக்கி இரண்டு வருஷம் ஆகிறது. லியான் என்ற என் பெயரை லியா என்று சுருக்குவது அவன் மட்டும்தான். மேசியின் அப்பன் பேரைச் சொல்லி என் வாயை நாறடித்துக்கொள்ள விருப்பமில்லை. ஜூடின் அம்மா அவன் நடக்கப் பழகும்போதே கிளம்பிப் போய்விட்டாள். இப்போது ஸ்காட்லாந்தில் இருக்கிறாள். ஞாபகம் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். ஜூடை உடுப்பு மாட்டித் தலை சீவி போன் முன்னால் உட்கார வைப்போம். போன் வராது. அப்படியே தூங்கிவிடுவான்.

இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட "உன் பொண்ணு", "என் பையன்" என்று எங்கள் வீட்டில் பேச்சு வந்ததில்லை. எனக்கு அதில் ரொம்பப் பெருமை. அந்தப் பெருமையில் அன்று காலை ஓட்டை விழுந்தது.

என்ன நடந்தது என்று பிறகுதான் விளக்கம் வந்தது. பெக்கட் லேனில் முதல் வகுப்புக்கு முப்பது பிள்ளைகள். சின்ன வகுப்பில் ஒரு டீச்சருக்கு முப்பதுக்கு மேல் ஒரு பிள்ளைகூடக் கூடாது என்பது சட்டம். ஏற்கனவே அண்ணன் அக்கா படிக்கிற பிள்ளைகள் முதலில். பிறகு வீட்டு வாசலுக்கும் பள்ளிக்கூட கேட்டுக்கும் நேர்கோடு போட்டு அளந்து, கிட்டே இருப்பவர்கள். இருபத்தொன்பது நிறைந்தபோது ஒரே ஒரு இடம் மிச்சம். அடுத்துக் கிட்டே இருந்ததோ எங்கள் வீடு. அதற்குள் இரண்டு பிள்ளைகள். சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கிறார்கள்! எவனோ ஒருவன் இரண்டு பெயரை எழுதி, ஒன்றை எடுத்திருக்கிறான். அவன் பக்கத்தில் சாட்சிக்கு ஒரு ஆள் வேறு.

இரட்டைப் பிள்ளைகளாக இருந்தால் சட்டம் வளைந்து கொடுக்குமாம். ஒன்றுக்குக் கிடைத்தால் மற்றதையும் முப்பத்தொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாமாம். எங்கள் பிள்ளைகள் ஒரே தொட்டியில் குளிக்கிறார்கள், ஒரே அறையில் தூங்குகிறார்கள், ஒருத்தர் தட்டில் இருக்கிற மீன் துண்டை மற்றவர் திருடுகிறார். ஆனால் ஒரே வயிற்றில் ஒரே நாளில் பிறக்கவில்லை. அதுதான் குற்றம்.

இதில் கார்லின் திருவிளையாடல் வேறு. விண்ணப்பத்தில் மூன்று பள்ளிக்கூடம் கேட்கலாம். மேசிக்கு நான்தான் போட்டேன். பெக்கட் லேன், அதற்கடுத்துக் கடைத்தெருப் பக்கம் இருக்கிற பள்ளி, அதற்கடுத்து இன்னொன்று. ஜூடுக்கு அவன் அப்பன்தான் போட வேண்டும். மூன்று இடத்திலும் பெக்கட் லேனையே போட்டிருக்கிறான்.

"ஏன்டா இப்படிப் பண்ணின?" என்றேன் அன்று சாயங்காலம்.

"மூணு தடவை கேட்டா நாம எவ்வளவு ஆசையா இருக்கோம்னு புரியும்ல?"

"அவங்க என்ன, உன் மாமனாரா? ஆசையைப் பாத்துப் பொண்ணு குடுக்க?"

"வேலையில கெவினும் இப்படித்தான் போட்டான். அவனுக்குக் கிடைச்சுதே."

கெவினுக்குக் கிடைத்தது, அவன் வீடு பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி இருந்ததால். இந்த ஊரில் பாதி ஆம்பிளைகள் இதைத்தான் செய்கிறார்கள். ஒரே பள்ளியை மூன்று தடவை போட்டால் கவுன்சில் பயந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. கவுன்சில் பயப்படாது. முதல் பெயரைப் பார்க்கும், மற்ற இரண்டையும் வெற்றிடம் என்று எடுத்துக்கொள்ளும், பிறகு எங்கே யாரும் போக மாட்டேன் என்கிறார்களோ அங்கே பிள்ளையை அனுப்பும். கடைத்தெருப் பள்ளியை இரண்டாவதாகப் போட்டிருந்தால் ஜூட் எட்டின தூரத்திலாவது இருந்திருப்பான். இதை நான் சொன்னேன். ஒரு தடவை சொல்லியிருக்கலாம். பல தடவை சொன்னேன்.

எங்கள் பிழைப்பு எப்படி என்றால், கார்ல் இருட்டோடு வேனை எடுத்துக்கொண்டு போய்விடுவான். காலையில் பிள்ளைகள் என் பொறுப்பு. இரண்டு பள்ளிக்கூடத்து கேட்டும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடுகிறது. நடுவில் ஒரு மலை. நான் ஒருத்தி. பல் டாக்டரம்மா நல்லவள்தான். ஆனாலும் "செப்டம்பர்ல இருந்து லேட்டா வருவேன்னு மட்டும் சொல்லிடாத லியான்" என்று முன்கூட்டியே சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். எங்கள் ஊரில் சிரித்துக்கொண்டே சொன்னால் அது கடைசி வார்த்தை.

அதைவிட எனக்குப் பெரிய கவலை ஜூட். அவன் வெளியாட்களிடம் பேச மாட்டான். நர்சரியில் அவனுக்கு ஒன்றுக்கு வந்தால் மேசிதான் டீச்சரிடம் போய்ச் சொல்வாள். அவனுக்குப் பிடிக்காத காரட்டை அவள் தின்றுவிடுவாள். அவன் அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே நிற்பான். அந்தப் பிள்ளையைத் தனியாக மலைக்கு அந்தப்பக்கம் விட்டால் என்ன ஆகும் என்று நினைத்தே என் தூக்கம் போனது. நான் பெறவில்லை என்பதால் குறைவாகப் போனது என்று யாராவது சொன்னால் அவர்கள் வாயை உடைப்பேன்.

அப்பீல் செய்தோம்.

ஜூன் மாதத்தில் விசாரணை. நூலகத்தின் மாடியில் ஒரு அறை. மூன்று பேர் குழு, கவுன்சில் தரப்பில் பேச ஆஷ்வொர்த் என்ற ஒரு இளைஞன், ஓரத்தில் குறிப்பெடுக்க ஒரு பெண். நடுவில் தலைவி, திருமதி விட்டக்கர். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மார்பில் தொங்கவிட்டிருந்தார். டீ கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். மழையில் நனைந்துவிட்டோமே என்று மன்னிப்புக் கேட்டார்கள். நாற்காலி ஆடுகிறதே என்று அதற்கும் மன்னிப்புக் கேட்டார்கள். எங்கள் நாட்டில் ஒருவர் இவ்வளவு மன்னிப்புக் கேட்டால், தர மாட்டார் என்று அர்த்தம். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கார்ல் கோட் சூட்டில் வந்திருந்தான். அவனுடைய ஒரே சூட், கருப்பு. சாவுக்குப் போகிற சூட்.

"மிஸ்டர் கார்ல், ஒரு சின்ன கேள்வி," என்றார் திருமதி விட்டக்கர், ரொம்ப மென்மையாக. "மூணு இடத்துலயும் ஒரே பள்ளிக்கூடம் போட்டிருக்கீங்க. தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

"ஆமாம்மா. ரொம்ப வேணும்னு காட்டத்தான்."

"அப்படியா. பாவம். ரெண்டாவதா கடைத்தெருப் பள்ளியைப் போட்டிருந்தா கிடைச்சிருக்கும். மன்னிக்கணும், இதைச் சொல்ல வேண்டியிருக்கு."

கார்லின் காது இரண்டும் பீட்ரூட் ஆகிவிட்டது. வீட்டில் நான் சொல்லும்போது வராத சிவப்பு அது. அந்த அம்மாவைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. அவனைத் திட்டுகிற உரிமை என்னுடையது.

ஆஷ்வொர்த் சட்டத்தை வாசித்தான். "விதிவிலக்கு இரட்டைப் பிள்ளைங்களுக்கு மட்டும்தாங்க. ஒரே பிரசவத்துல பிறந்தவங்களுக்கு."

"நாலு மாச இடைவெளியில ரெண்டு பெத்துக்கணும்னா நான் என்ன பூனையா?" என்றேன்.

குழுவில் ஒருவர் சிரித்து, அதை இருமலாக மாற்றினார்.

"உங்க சங்கடம் புரியுது," என்றார் திருமதி விட்டக்கர். "ஆனா கவுன்சில் ஏதாவது தப்புப் பண்ணியிருந்தாத்தான் நாங்க மாத்த முடியும்."

"சீட்டுக் குலுக்கி ரெண்டு பிள்ளைங்களைப் பிரிக்கிறது தப்பில்லையா?"

"குலுக்கினது ஒழுங்கா நடந்திருக்கு. சாட்சி இருந்திருக்காங்க."

"ஒழுங்கா நடந்துச்சுங்கறதுக்காக அது நல்லதாயிடுமா, சொல்லுங்க?"

"மன்னிக்கணும்," என்றார் அவர். உண்மையாகவே மன்னிப்புக் கேட்கிற முகம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கத்துகிற ஆளாக இருந்தால் நானும் கத்தியிருப்பேன். பஞ்சுத் தலையணையைக் குத்தி என்ன ஆகப்போகிறது?

கடைசியில் ஆஷ்வொர்த்துக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "ஒரு நல்ல விஷயம் சொல்றேங்க," என்றான். "வெயிட்டிங் லிஸ்ட்ல ஜூட்தான் முதல்ல இருக்கான். தூரத்துலயும் அடுத்து அவன்தான். யாராவது ஒரு பிள்ளை போச்சுன்னா அந்த இடம் நேரா அவனுக்குத்தான் வரும். வேற யாராலயும் முந்த முடியாது."

"எந்தப் பிள்ளை போகும்?" என்று கேட்டேன்.

"அதை எங்களால சொல்ல முடியாதுங்க."

அடுத்த வாரம் கடிதம் வந்தது. வருத்தத்துடன் நிராகரித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு எங்களுக்கு மிஞ்சியது வரிசையில் நிற்பது. அது எங்களுக்குக் கைவந்த கலைதான். ரொட்டிக்கு நிற்போம், தபால் தலைக்கு நிற்போம், முன்னால் யாராவது புகுந்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்போம். ஆனால் இந்த வரிசை வேறு மாதிரி. யாராவது ஒரு குடும்பத்துக்கு ஏதாவது நடந்தால்தான் இது நகரும்.

ஜூடிடம் கார்ல் சொன்னான்: "ஒரு பிள்ளை வேற ஊருக்குப் போச்சுன்னா, நீயும் மேசி கூடப் போகலாம்டா."

"எந்தப் பிள்ளை?"

"தெரியாதுடா. ஏதோ ஒரு பிள்ளை."

"அது எங்க போகும்?"

"எங்கயாவது."

"அதுக்குப் போகப் பிடிக்குமா?"

கார்ல் என்னைப் பார்த்தான். நான் பாத்திரத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு குளிக்கும்போது, பீன்ஸ் சாப்பிடும்போது, கடைக்குப் போகும்போது, திடீர் திடீரென்று கேட்பான். "அந்தப் பிள்ளை போயிடுச்சா?" இல்லை என்றால் அவன் முகத்தில் வருத்தமும் வரும், நிம்மதியும் வரும். எனக்கு அப்படியெல்லாம் இல்லை. எனக்கு யாராவது போனால் போதும்.

அந்தக் கோடையில் நான் கழுகாகிவிட்டேன். பெக்கட் லேன் தெருவில் நடக்கும்போது எந்த வீட்டு முன்னால் "விற்பனைக்கு" பலகை இருக்கிறது என்று பார்ப்பேன். அந்த வீட்டு வாசலில் சின்ன சைக்கிள் கிடந்தால் நெஞ்சு துள்ளும். ஒரு நாள் கார்ல் சாப்பிடும்போது, "மில் தெருவுல அந்த ஆளு பொண்டாட்டியோட பெரிய சண்டையாம், பிரிஞ்சிடுவாங்க போல" என்றான். "அவங்க பிள்ளை எந்த வயசு?" என்று நான் கேட்டேன். கேட்ட பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். பிரிந்த குடும்பம் எப்படி இருக்கும் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? அவர்கள் பிரியவில்லை. பலகை வைத்தவர்களும் விற்கவில்லை.

வீட்டுக்குள் "உன்", "என்" இரண்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டன. உன் பொண்ணுக்குப் புது ஷூ வாங்கிட்டியா. என் பையனை நான் பாத்துக்கறேன். முடிவு வருவதற்கு முன்பே மார்ச் மாதத்தில் கார்ல் ஆசைப்பட்டு இரண்டு பச்சை ஸ்வெட்டர் வாங்கி வைத்திருந்தான், பெக்கட் லேன் சீருடை. மேசியுடையதில் நான் பெயர்த் துணி தைத்துவிட்டேன். ஜூடுடையது அட்டையோடு அலமாரியில் தொங்கியது. அதைத் திருப்பிக் கொடுக்கவும் கார்ல் விடவில்லை.

ஜூலையில் புதுப் பிள்ளைகளைப் பார்க்க ஹாலின் பள்ளியில் ஒரு நாள் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஜூடைக் கூட்டிக்கொண்டு போனேன். நரகம் என்று நினைத்துப் போனவளுக்கு ஏமாற்றம். சின்னப் பள்ளிக்கூடம். பின்னால் நாலைந்து கோழி வளர்த்தார்கள். டீச்சர் முழங்காலிட்டு உட்கார்ந்துதான் பிள்ளைகளிடம் பேசினாள். வகுப்பில் பிள்ளைகள் கோட் மாட்டுகிற ஆணிகளில் பாதிக்குப் பெயர் இல்லை.

"நிறைய இடம் இருக்கு," என்றாள் டீச்சர். "இந்த மலை இருக்கே, அதைப் பாத்துட்டு யாரும் வர மாட்டேங்கறாங்க. தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க."

ஜூட் என் கையை விடவே இல்லை. கோழியைக் காட்டினேன். பார்த்தான். பிறகு என் காதில் சொன்னான்: "இதை மேசிக்குக் காட்டணும்."

அந்த வார்த்தை ஆகஸ்ட் முழுக்க என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வழி இருந்தது. ஜூடை இந்தப் பக்கம் இழுக்க முடியாது. மேசியை அந்தப் பக்கம் அனுப்பலாம். ஹாலினில் இருவருக்கும் இடம் இருக்கிறது. ஒரே பஸ், ஒரே கேட், அவன் கையில் அவள் சட்டை நுனி. நான் செய்ய வேண்டியது கையில் இருக்கிற இடத்தை விடுவது மட்டும்தான். நல்ல இடம். ஊரில் எல்லோரும் பல்லைக் காட்டிக் கேட்கிற இடம். விட மனசு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது வர எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மருத்துவமனையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து கவுன்சிலுக்கு போன் செய்தேன்.

"பெக்கட் லேன் இடத்தை விடறீங்களா?" என்றாள் அந்தப் பெண். அவளுக்கு நம்ப முடியவில்லை. "நல்லா யோசிச்சிட்டீங்களா?"

"யோசிச்சாச்சு. ஹாலின்ல போட்டுடுங்க."

"ஹாலின்ல இப்பவே தரலாம். இதுக்கு யாரும் போன் பண்ணினதே இல்லைங்க." அவள் குரலில் ஒரு மரியாதை வந்தது.

போனை வைத்தபோது எனக்குத் தரையில் கால் படவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மூச்சு முழுசாக வந்தது. சாயங்காலம் கார்லிடம் சொல்வேன். அவனுக்குப் பிடித்த சாசேஜும் உருளைக்கிழங்கு மசியலும் செய்து, தட்டை வைத்துவிட்டுச் சொல்வேன். "இனிமே இந்த வீட்டுல உன் பொண்ணு, என் பையன் கிடையாது. கேட்டியா?" என்பேன். பிறகு அவன் ஜூட் பெயரை வெயிட்டிங் லிஸ்ட்டிலிருந்து எடுக்கச் சொல்லி ஒரு மெயில் போட்டால் முடிந்தது. அதற்கு என்ன அவசரம்? குப்பைத் தொட்டி உடைந்தது என்று எழுதினால் அடுத்த பருவத்தில் பதில் போடுகிற கவுன்சில் அது. அப்பீல் தேதி கொடுக்கவே எங்களை வாரக்கணக்கில் காய வைத்தவர்கள். ஒரு சாயங்காலத்துக்குள் என்ன ஆகிவிடப் போகிறது?

சாசேஜ் பொரிந்துகொண்டிருந்தது. வாசலில் வேன் சத்தம். பகலில் பிள்ளைகளைச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்கிற ஒரு அம்மாவின் வீட்டிலிருந்து கார்ல் அன்று இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தான். கையில் ஒரு பெட்டி நிறைய டோனட். முகத்தில் நான் மார்ச்சுக்குப் பிறகு பார்க்காத சிரிப்பு.

"லியா! லியா! கிடைச்சிடுச்சு!"

"என்னது?"

"ஜூடுக்கு! பெக்கட் லேன்! மத்தியானம் மெயில் வந்துச்சு. ஒரு இடம் காலியாகியிருக்காம். உடனே ஏத்துக்கிட்டேன். வண்டியை நடுரோட்டுல நிறுத்தி ஏத்துக்கிட்டேன். பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சுக் கொன்னுட்டான்!"

குப்பைத் தொட்டிக்கு ஒரு பருவம் எடுக்கிறவர்கள், இதற்கு மட்டும் ஒரு மத்தியானம்கூட எடுக்கவில்லை. என் கையில் இடுக்கி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மேசி சோபா மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். "நாங்க ரெண்டு பேரும்! நாங்க ரெண்டு பேரும்!" ஜூட் மாடிக்கு ஓடி, அலமாரியிலிருந்து அந்தப் பச்சை ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தான். கழுத்துக்குப் பின்னால் கடை அட்டை ஆடியது. கார்லின் கால்சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா, எந்தப் பிள்ளை போச்சு?"

"யாருக்குடா தெரியும்? எங்கயாவது கடற்கரைப் பக்கம் வீடு வாங்கிட்டுப் போயிருப்பாங்க. நல்லா இருக்கட்டும்!"

பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு டோனட்டைக் கொடுத்துப் பின்கட்டுக்கு அனுப்பினேன். கதவைச் சாத்தினேன். சொன்னேன்.

கார்ல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, லியா."

"ஏத்துக்கறதுக்கு முன்னாடி நீ எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"சந்தோஷத்துல பண்ணிட்டேன்."

"நானும் சந்தோஷத்துலதான் பண்ணினேன்."

சிரிக்க வேண்டிய இடம். வேறு யாருக்காவது நடந்திருந்தால் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

"சரி, கெட்டுப்போகல," என்றேன். "வேண்டாம்னு சொல்லிடு. அவன் இடம் ஹாலின்ல அப்படியே இருக்கும். ரெண்டும் ஒண்ணாப் போகட்டும். அங்க கோழியெல்லாம் இருக்கு, கார்ல். டீச்சர் நல்லவ."

அவன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். பின்கட்டில் ஜூட் ஸ்வெட்டரில் சர்க்கரை படாமல் கையை நீட்டி வைத்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தான்.

"அவன்கிட்ட என்னன்னு சொல்ல? கழட்டுடா, உனக்கில்லைன்னா? அவனுக்குத் தர்றேன் தர்றேன்னு சொல்லிட்டுத் தராம இருக்க ஏற்கனவே ஒருத்தி இருக்கா. நானும் அதையே பண்ணச் சொல்றியா?"

"மேசிகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

"மேசி தைரியசாலி. அவ எங்க போனாலும் பொழைச்சுக்குவா." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "இப்ப வெயிட்டிங் லிஸ்ட்ல அவதானே முதல்ல இருப்பா. ஒரு பிள்ளை போனாப் போதும். ஒண்ணாவது உள்ள இருக்கே, லியா."

அது என் வார்த்தை. ஏப்ரலில் நான் சொன்ன அதே வார்த்தை. கேட்கிற பக்கம் நின்றால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"ஆமா," என்றேன். "உன் பையன் உள்ள இருக்கான்."

அடுப்பில் சாசேஜ் கருகிவிட்டது. யாரும் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை விடுமுறை. செவ்வாய்க்கிழமை கவுன்சில் திறந்ததும் மறுபடி போன் செய்தேன். அதே பெண். மேசியின் இடத்தைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "மன்னிக்கணும்ங்க, முப்பது நிறைஞ்சிடுச்சு," என்றாள். "ஆனா கவலைப்படாதீங்க. உங்க பொண்ணுதான் இப்ப முதல்ல இருக்கா. யாராவது போனா நேரா அவளுக்குத்தான்." கார்லிடம் இன்னும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். ஒரு தடவை கத்தியும் கேட்டேன். அவன் முடியாது என்று சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றான். பார்க்கலாம் பார்க்கலாம் என்று செப்டம்பர் வந்துவிட்டது.

முதல் நாள் காலை எங்கள் தெருவில் எல்லா வாசலிலும் ஒரே காட்சி. சீருடை போட்ட பிள்ளையைக் கதவுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார்கள். எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். அதை எடுக்காவிட்டால் பள்ளிக்கூடமே தொடங்கவில்லை என்று அர்த்தம். கார்ல் அன்று விடுப்புப் போட்டிருந்தான். ஒருத்தரை அவன் கொண்டு போய் விட, மற்றவரை நான். இரண்டாம் நாளிலிருந்து எப்படி என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

இருவரையும் வாசற்படியில் நிறுத்தினோம். ஜூடுக்குப் பச்சை ஸ்வெட்டர். மேசிக்கு ஹாலினின் கருஞ்சிவப்பு. முந்தின நாள் வரை "கோழி இருக்கிற பள்ளிக்கூடம்" என்று அவளிடம் பேசிப் பேசிச் சரிக்கட்டி வைத்திருந்தேன். அவள் அழவில்லை. கார்ல் சொன்னது சரிதான், தைரியசாலி. ஜூட் மட்டும் அவள் ஸ்வெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சின்ன மண்டைக்குள் ஏதோ ஓடுவது எனக்குத் தெரிந்தது.

"இங்க பாருங்க ரெண்டு பேரும்," என்று கார்ல் போனைத் தூக்கிப் பிடித்தான். "சிரிங்க!"

"லியான்," என்றான் ஜூட். "போன பிள்ளை மேசியா?"

கோடை முழுக்க அவன் கேட்டபோதெல்லாம் ஏதோ ஒரு பிள்ளை, யாரோ ஒரு பிள்ளை என்று சொல்லித் தப்பித்தாயிற்று. கார்ல் போனுக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினான், சொல்லாதே என்று.

"ஆமாடா," என்றேன்.

ஜூட் மேசி பக்கம் திரும்பினான். அவள் சட்டை நுனியைப் பிடித்தான்.

"உனக்குப் போகப் பிடிச்சிருந்துதா?"

மேசி குனிந்து தன் கருஞ்சிவப்பு ஸ்வெட்டரைப் பார்த்தாள்.

"என்னை யாரும் கேக்கலியே," என்றாள்.

கார்ல் போனைக் கீழே இறக்கினான். பக்கத்து வாசலில் யாரோ சிரி சிரி என்று கத்திக்கொண்டிருந்தார்கள். மலைக்குப் போகிற பஸ் திருப்பத்தில் வருவது தெரிந்தது. ஜூடின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, மேசியைக் கூட்டிக்கொண்டு நான் ஓடினேன்.